அமுக்கிப் பார்த்தவள்

தம்பி பேருந்து ஓட்டுநர். வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். வீட்டிலும் அதே கதைதான். மாதம் பிறந்தால், சமையலறை வாசலில் மாட்டியிருக்கும் தீயணைப்பானை இறக்கித் துடைப்பான். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பான். உள்ளேயிருக்கும் பொடி கட்டிதட்டாமலிருக்கத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுவான்.

"பிள்ளையக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேலி செய்வாள் அக்கா. கணவர் போனபிறகு அவனோடு வந்து தங்கியவள்.

அந்த மாதம் முள் சிவப்பில் கிடந்தது. பிடியைப் பூட்டும் ஊசியை இறுக்கியிருந்த பிளாஸ்டிக் முத்திரையைக் காணோம். அந்த இடத்தில் தையல் நூல் முடிச்சு.

"அக்கா, இதை யாரு தொட்டா?"

அவள் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நான்தான். லேசா ஒரு அமுக்கு."

"ஒரு தடவை அமுக்கினாலே காத்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும். அவசரத்துக்கு உதவாது. வெளையாட்டா உனக்கு?"

"வெளையாட்டு இல்லடா. நீ காலையில போனா இருட்டினப்புறம்தான் வர்றே. தீப்பிடிச்சா நான்தானே அமுக்கணும்? முடியுதான்னு பாத்தேன்."

"முடிஞ்சுதா?"

"வயித்துல முட்டுக் குடுத்து, ரெண்டு கையாலயும் அமுக்கினேன். புஸ்ஸுனு கொஞ்சம் வந்துச்சு. அதுக்குள்ள கை விட்டுப்போச்சு."

அவள் விரல் மூட்டுகள் வீங்கியிருப்பது அவனுக்குத் தெரியாததல்ல. வீட்டில் பாட்டில் மூடி திறப்பவனே அவன்தான். ஆனால் அந்தக் கையையும் இந்தச் சிவப்பு உருளையையும் அவன் சேர்த்து நினைத்ததே இல்லை.

மறுநாளே பழையதை நிரப்பக் கொடுக்கப் போனபோது அவளையும் அழைத்துப்போனான். கடையிலிருந்த காலி உருளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே சின்னதைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல பொடி சீக்கிரம் தீந்துடும்மா," என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும். தூக்க முடியாத பெருச வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அதே அளவில் பொடி நிரப்பிய ஒன்றை வாங்கிவந்து, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியடித்து மாட்டினான்.

மழைக்காலத்தில் ஒருநாள் இஸ்திரி மேசையின் துணி பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொல்ல, அவன் அடித்துப்பிடித்து ஓடிவந்தான். அறை முழுக்க வெள்ளைப் பொடி. அக்கா வாசலில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் அடிச்சேன். அணைஞ்சிடுச்சு," என்றாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மணிக்கட்டைத் தானே தேய்த்துவிட்டான். பிறகு வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் துடைப்பத்தை எடுத்தான். ஒரு வாரம் வரை மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பொடி வந்துகொண்டே இருந்தது.