ரெண்டு தடவை ஏறிய விலை

கூட்டத்தில் இருந்தவர்கள்: மேனேஜர், கிளெய்ம் பிரிவு மேடம், விற்பனைப் பிரிவுத் தலைவர் (நாங்கள் வைத்த பேர் பட்டாசு), பிரீமியம் கணக்குப் போடும் நான். ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்ற சண்டையில் மேனேஜரும் மேடமும் பேச்சை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி வேன்களுக்குப் புது பிரீமியம், பழையதைப் போல இரண்டு மடங்கு. மேனேஜர் கையெழுத்துதான் பாக்கி. போட்டால் என் அண்ணி வேனை விற்க வேண்டியதுதான். அவர் பாலிசி அன்றோடு முடிகிறது.

"பள்ளி வேன் பாதிக்கு மேல இப்ப பொம்பளைங்கதான் ஓட்டுறாங்க. அவங்க ஸ்டியரிங் பிடிச்சா இப்படித்தான்," என்றார் பட்டாசு.

"விபத்து குறைஞ்சிருக்கு சார். ரிப்பேர் செலவுதான் கூடியிருக்கு. இப்ப வர்ற வேன்ல பம்பருக்குள்ள கேமரா. லேசா உரசினாலும் மொத்தமா மாத்தணும்," என்றேன்.

"அப்ப ரெண்டு மடங்கு சரிதானே?" என்றார் பட்டாசு.

"அவ்வளவு வராது." மேடத்தின் பக்கம் திரும்பினேன். "நீங்க அனுப்பின பழைய ரிப்பேர் பில்லெல்லாம் அன்னைக்கு விலையா, இன்னைக்கு விலையா மேடம்?"

"இன்னைக்கு விலை. விலைவாசி ஏறுற வேகத்துல பழசை வச்சு என்ன பண்றது? எல்லாத்தையும் ஏத்தித்தான் அனுப்பினேன்."

மேனேஜர் சுவரை விட்டு முகத்தைத் திருப்பினார். விலைவாசிக்கென்று கடைசியில் ஒரு பங்கு ஏற்றுவது அவர் வழக்கம். இந்த வருஷமும் ஏற்றியிருந்தார்.

"ஏத்தினதைச் சொல்ல வேண்டாமா?" ஒரு வருஷத்தில் மேனேஜர் மேடத்திடம் பேசிய முதல் பேச்சு.

"யார்கிட்ட? சுவத்துகிட்டயா?"

"ஒரே சட்டைக்கு ரெண்டு தையல் கூலி!" பட்டாசு வெடித்துச் சிரித்தார்.

மேனேஜர் என்னை முறைத்தார். "உனக்கெப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

"எங்க அண்ணி பள்ளி வேன் ஓட்டுறாங்க சார். இல்லன்னா தோண்டியிருக்கவே மாட்டேன்."

"அப்ப உன் கணக்கு வேண்டாம். மேடம், நீங்களே போட்டுப் பாருங்க."

மேடம் போட்டார். பழைய பிரீமியத்துக்கு மேல் கொஞ்சம்தான் கூடியது. மேனேஜர் இன்னொரு முறை போடச் சொன்னார். அதே விடை. அந்தத் தொகைக்கே கையெழுத்துப் போட்டார்.

அலுவலகம் மூடும் நேரத்துக்கு அண்ணி வந்தார், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு.

"என்ன கொழுந்தனாரே, வேனை வித்துடவா, வச்சுக்கவா?"

"வச்சுக்கங்க அண்ணி."

தொகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பட்டென்று கட்டினார். பாலிசியைப் பட்டாசே எடுத்து வந்து கொடுத்தார்.

"பார்த்து ஓட்டுங்கம்மா."

"நான் பார்த்துத்தான் ஓட்டுறேன். நீங்க பார்த்து ஏத்துங்க."

மேடம் சத்தமாகச் சிரித்தார். மேனேஜரும்.

அண்ணி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வெளியேறினார். அன்றைக்கு அவர்தான் கடைசி வாடிக்கையாளர். காவலாளி அவர் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.