அரக்கனின் தலை

குருமண்வெளித் துறையிலிருந்து பாதை புறப்பட்டபோது வாவி முழுதும் காலைப் பனி. ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் அந்தத் தட்டைப் படகுக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். விமானத்திலும் பஸ்ஸிலும் கண்மூடாமல் வந்த கஜானிக்கு, படகு நிற்கிறது, கரைதான் விலகிப் போகிறது என்று தோன்றியது. நாலு வருடம் குவைத்தில் வீட்டு வேலை. எதிரே கணவன் நிதுர்ஷன். அவன் முதுகுக்குப் பின்னால், ஒன்றரை வயதில் விட்டுப்போன மகள் கிதுஷா.

கூப்பிட்டாள், பிள்ளை வரவில்லை. பொம்மையை நீட்டினாள், வாங்கவில்லை. இவள் ஒருமுறை மடியில் வந்து இருந்தால் போதும் என்று கஜானிக்கு இருந்தது.

பிழை முழுக்க நிதுர்ஷனுடையது. மனுஷனுக்குத் தெரிந்தது ஒரே கதை, உலகத்து வீரர்கள் எல்லோருக்கும் நடக்கிற அதே கதை: வீட்டை விட்டுப் போவது, கடல் தாண்டுவது, அரக்கனை வெட்டுவது, திரும்பி வருவது. அம்மா எங்கே என்று பிள்ளை அழுத நாளெல்லாம் கஜானியை அதில் ஏற்றி, கையில் ஒரு வாளையும் கொடுத்துவிட்டான். வந்திருப்பதோ மெலிந்து, முடி கொட்டி, வீங்கின காலைத் தடவிக்கொண்டிருக்கிற ஒருத்தி. எந்தப் பிள்ளைதான் நம்பும்?

நடு வாவியில் இரண்டு கரையும் காணாமல் போயின. இஞ்சின் சத்தம்கூட வேறெங்கோ கேட்பதுபோல் இருந்தது. கிதுஷா மெல்ல வந்து சூட்கேசைத் திறந்து, வரும் வழியில் வாங்கின வாசனைச் சவர்க்காரத்தையும் சொக்லேட்டையும் ஒதுக்கிவிட்டு அடிவரை துழாவினாள்.

“தலை எங்க?”

“என்ன தலை, மகள்?”

“அரக்கன்ட தலை. நீங்கதானே வெட்டின?”

நிதுர்ஷன் கண்ணைக் காட்டினான். “ஓம் எண்டு சொல்லு கஜானி.”

ஒரு ஓம் போதும், பிள்ளை வந்துவிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்லி இவளைப் பெறுவதா என்று மனம் மறித்தது.

“இல்ல மகள். வெட்ட ஏலாமப் போயிற்று. அவன்ட உடுப்பத் தோய்ச்சன், வீட்டக் கூட்டினன். சரியான பயம். கதவு திறந்து கிடந்த நேரம் பாத்து ஓடி வந்திட்டன்.”

நிதுர்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். இது அவனுக்கும் புதிது.

“அப்ப அவன் இன்னும் சாகல்லியா?”

“இல்ல.”

கிதுஷா படகு வந்த திசையைப் பார்த்தாள். பனியைத் தவிர ஒன்றுமில்லை. சட்டென்று கஜானியின் மடியில் ஏறி, இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தினாள்.

“மெல்லக் கதைங்கம்மா. அவனுக்குக் கேட்டிரும்.”