பின்பக்கம் பார்க்க

எங்கள் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பது நான், அறிக்கையில் கையெழுத்துப் போடுவது அவன். அதனால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயரே கையெழுத்து. முகத்துக்கு நேரே சார் என்போம். என்னைவிட ஐந்து வயது சின்னவன். நான்கு வருடம் முன்பு வேலையில் சேர்ந்தபோது எந்த பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தவனுக்கு, ஒவ்வொரு மிஷினாகக் கூட நின்று காட்டிக்கொடுத்தது நான்தான். அப்போது என்னை அக்கா என்று கூப்பிட்டான். மூன்றாம் மாதம் ஆய்வகப் பொறுப்பு அவன் கைக்குப் போனது. மறுநாளே அக்கா மேடம் ஆகிவிட்டாள்.

காரணம் ரொம்பச் சின்னது. அவன் வெளிநாட்டில் முதுகலை படித்தவன், நான் படிக்கவில்லை. குடிநீர் அறிக்கையில் முதுகலைப் பட்டம் உள்ளவர்தான் கையெழுத்துப் போடலாம் என்பது எங்கள் விதி. பதினோரு வருடமாக நான் சோதித்த தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது, ஒரு தாளில்கூட என் பெயர் கிடையாது. எனக்கு வயிற்றெரிச்சலே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

எங்கள் பாடத்தில் முதுகலை இங்கே எங்கும் கிடையாது. வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். சொந்தச் செலவில் போகிற வசதி எங்களுக்கு இல்லை, உதவித்தொகை கிடைத்தால் உண்டு. முதல் தடவை விண்ணப்பித்தபோது ஒரு சான்றிதழ் நகலை இணைக்க மறந்தேன். இரண்டாம் தடவை காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவதாக நின்றேன். முதல் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாகக் கிளம்பிப் போனார்கள். இப்போது மூன்றாம் தடவை. விண்ணப்ப நாளில் முப்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. எனக்கு முடிய இன்னும் ஏழே மாதம். இதை விட்டால் அடுத்தது கிடையாது.

லிஃப்ட் மெக்கானிக்கான என் கணவர் இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"மேல ஏத்தி விடறது என் தொழில். நீ போ, பாப்பாவை நான் பாத்துக்கறேன்."

"பாதியில நின்னுச்சுன்னா?"

"நின்னா கையால சுத்தி மேல கொண்டு வருவோம். அதுக்கும் வழி இருக்கு."

விண்ணப்பத்துக்கு இரண்டு பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒன்று, எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை கேட்ட அன்றே அனுப்பிவிட்டார். இன்னொன்றை நேரடி மேலதிகாரி எழுத வேண்டும். அதாவது கையெழுத்து.

"இதுல என்ன கஷ்டம்?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "நீயே எழுது. உன்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை, அஞ்சு பெரிய வார்த்தை போட்டு நீட்டு. அவர் பேருக்கேத்த மாதிரி போட்டுக் குடுத்துடுவார்."

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என் வேலைக்கு அவன் கையெழுத்து, போதாததற்கு என் புகழுக்கும் அவன் கையெழுத்தா? அவன் மேஜை முன்னால் போய் நின்று, "சார், கடிதத்தை நீங்களே எழுதணும்" என்றேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "என்ன எழுதணும், மேடம்?"

"உண்மையை எழுதுங்க. போதும்."

"சரி. எனக்கு மூணு வாரம் வேணும்."

ஒரு பக்கக் கடிதத்துக்கு மூன்று வாரம். மண்டை காய்ந்தது. அந்த மூன்று வாரமும் அவன் அறைக் கதவு சாத்தியே இருந்தது. பதிவேட்டு அலமாரியிலிருந்து பழைய பதிவேடுகளை அள்ளி அள்ளி உள்ளே கொண்டுபோனான். ஏதோ தணிக்கை வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசி நாளுக்கு முந்தைய நாள் ஒட்டிய உறை ஒன்றை என்னிடம் கொடுத்தான். பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது விதி. உள்ளே ஒரே ஒரு தாள் இருப்பது தடவினாலே தெரிந்தது. சப்பென்று ஆகிவிட்டது. பேராசிரியையின் உறை நன்றாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. நாற்பது பேரைக் கூப்பிட்டு ஆறு பேரை எடுப்பார்கள். பாப்பா தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "நீங்க ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று தலைமையாசிரியர் குரலில் கேட்பாள். நான் பதில் சொல்வேன். "இன்னும் சத்தமா" என்பாள். பத்து நாள் இப்படி ஓடியது.

அன்று நேர்முக அறையில் நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியவர். அவருக்கு இடப்பக்கம் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்த ஒருவர். வலப்பக்கம் இருந்தவர் எழுதிக்கொண்டே இருந்தார், கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. ஏன் இந்தப் படிப்பு, திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் சத்தமாகவே பதில் சொன்னேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பேனாக்காரர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"உங்க மேலதிகாரி கடிதம். இதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கெல்லாம் அபூர்வமான திறமை, ஆயிரத்துல ஒருத்தர், அப்படித்தான் எழுதியிருக்காங்க. உங்களுக்கு வந்ததைப் படிக்கறேன், கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அலட்சியம்: கண்டறியப்படவில்லை. திருத்தி எழுதிய முடிவு: கண்டறியப்படவில்லை. பொய்: கண்டறியப்படவில்லை. தாமதம்: ஒன்று. அவ்வளவுதான். கீழ கையெழுத்து இருக்கு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தலைவி மேஜையில் கைகளைக் கோத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டார் பேனாக்காரர். குரலில் கரிசனம்தான் இருந்தது. "இருந்தா தயங்காம சொல்லுங்க. இந்தக் கடிதத்தை நாங்க ஒதுக்கி வச்சுடலாம்."

நான் தப்பித்துக்கொள்ள அவரே ஒரு கதவைத் திறந்துவிடுகிறார். ஆமாம் சார், அவனுக்கு என்மேல் பொறாமை, நான் படித்துவிட்டு வந்தால் அவன் நாற்காலி ஆடும் என்று சொன்னால் முடிந்தது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை கோபம் எனக்கு. ஏழு மாதம்கூடப் பாக்கி இல்லை, இவன் நாலு வரியில் அடிமடியில் கை வைத்துவிட்டானே என்றிருந்தது.

ஆனால் அந்த வார்த்தை என்னுடையது. கண்டறியப்படவில்லை. அவன் சேர்ந்த முதல் வாரம் ஒரு அறிக்கையில் "ஈயம்: இல்லை" என்று எழுதியிருந்தான். அந்தத் தாளை அவன் கண்ணெதிரே கிழித்துப் போட்டேன். இல்லை என்று சொல்ல நீ யார், மிஷினுடைய கண்ணில் படாத அளவில் இருக்கலாம், தேடினேன் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் நாம் சொல்ல முடியும் என்று கத்தினேன். இன்னொன்றும் சொன்னேன். எத்தனை மாதிரியில் தேடினாய், எப்படித் தேடினாய் என்று பின்பக்கத்தில் எழுதாமல் அந்த வார்த்தையைப் போட்டால் அது வெறும் வாய்ப்பேச்சு, அதில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

அன்றிலிருந்து எங்கள் அறிக்கைகள் எல்லாம் அப்படித்தான். முன்பக்கம் முடிவு, பின்பக்கம் விவரம். பின்பக்கம் எழுதாத தாளில் கையெழுத்து இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

"சார்" என்றேன். "அந்தத் தாளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

"எதுக்கு?"

"பின்பக்கம் எழுதியிருக்கும்."

"கடிதத்தை நீங்க படிச்சீங்களா?" தலைவியின் குரல் சட்டென்று மாறியது. உறையைப் பிரித்திருந்தால் விண்ணப்பமே செல்லாது.

"படிக்கலை, மேடம். ஒட்டினது ஒட்டினபடிதான் குடுத்தேன். ஆனா எங்க ஆய்வகத்துல கண்டறியப்படவில்லைன்னு எழுதினா, எங்க தேடினோம், எத்தனை தடவை தேடினோம்னு பின்னால எழுதியே ஆகணும். அவர் எழுதியிருப்பார்."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நிச்சயம் இல்லை. இது ஆய்வக அறிக்கை இல்லை, கடிதம். அவன் சும்மா நாலு வரி கிறுக்கிக் கொடுத்திருந்தால்? பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தால் மேலதிகாரிக்கும் பிடிக்காத, உளறவும் செய்கிற ஒருத்தி என்று என் பெயருக்கு நேரே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். பேனாக்காரர் தாளைத் திருப்பினார். பேனா தட்டுவது நின்றது. தாளைத் தலைவி பக்கம் தள்ளினார்.

தலைவி முதலில் தனக்குள் படித்தார். பிறகு எனக்காக வாய்விட்டுப் படித்தார்.

"தேடிய இடம்: நான்கு ஆண்டுகளில் இவர் தம் கையால் எழுதிய பதினோராயிரத்து முந்நூற்று ஆறு பதிவுகள். ஒன்றுவிடாமல் பார்க்கப்பட்டன. தேடிய முறை: ஒவ்வொரு பதிவும் மிஷினின் மூலப் பதிவோடு ஒப்பிடப்பட்டது. தேடியவர்: நான். எடுத்துக்கொண்ட நாட்கள்: பதினெட்டு."

தணிக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் என்னைத்தான் பரிசோதித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"கடைசியா ஒரு குறிப்பு இருக்கு" என்றார் தலைவி. "தாமதம் பற்றி இவரிடமே கேட்கவும்னு போட்டிருக்கார். சொல்லுங்க, அது என்ன தாமதம்?"

அதை நான் மறப்பேனா? இரண்டு வருடம் முன்பு புதிய தொட்டி ஒன்றிலிருந்து மாதிரி வந்தது. வழக்கமான சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டது. பாட்டிலை மூடும்போதுதான் லேசாக ஒரு வாடை, பெயின்ட் கடை வாசலில் வருமே, அது. பக்கத்து மேஜைக்காரி முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றாள். அறிக்கை அன்று மாலைக்குள் போயாக வேண்டும். நான் தரமாட்டேன் என்று பிடித்துவைத்துக்கொண்டு, நானே போய் மறுபடி தண்ணீர் பிடித்துவந்து வேறு சோதனைக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் கையெழுத்து எனக்குத் தாமதத்துக்கு மெமோ கொடுத்தான். மதியம் முடிவு வந்தது. தொட்டியின் உள்பூச்சு காய்வதற்கு முன்பே தண்ணீரை நிரப்பியிருக்கிறார்கள். தொட்டியைத் திறக்காமலே நிறுத்தினார்கள். மெமோவை மட்டும் அவன் திரும்ப வாங்கவில்லை. தாமதம் தாமதம்தான் மேடம் என்றான். அன்று அவனோடு பேச்சை நிறுத்தியவள், அவசியம் இல்லாமல் இன்றுவரை பேசுவதில்லை.

இதையெல்லாம் சொன்னேன். மெமோவையும் சேர்த்துத்தான் சொன்னேன். தலைவி தாளின் அடியில் விரலை வைத்து இன்னும் ஒரு வரியைப் படித்தார்.

"இவர் அன்று தாமதிக்காவிட்டால், தவறான அறிக்கையில் இருந்திருக்கும் கையெழுத்து என்னுடையது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த மூன்று பேருக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மூக்கால முடிவு சொல்றவங்க அங்க போய் என்ன படிப்பீங்க?" என்று கேட்டார் பேனாக்காரர். இப்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் மூக்குக்குத் தெரிஞ்சதை மிஷினுக்கும் தெரிய வைக்கறது எப்படின்னு படிப்பேன், சார். நான் லீவு போட்டா ஊர் என்ன பண்ணும்?"

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. ஆறு பேரில் நானும் ஒருத்தி. வீட்டில் அப்பாவும் மகளும் சேர்ந்து என்னைத் தரையில் நிற்கவிடவில்லை. நானும் வெட்கத்தை விட்டு ஆடினேன். பிறகு இரண்டு வருடம் பாப்பாவை விட்டு எப்படி இருப்பேன் என்று அழுதேன். "வீடியோவுல தினமும் கேள்வி கேக்கறேன்" என்றாள் அவள்.

மறுநாள் ஆய்வகத்துக்குச் சீக்கிரமே போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். ஆனால் போகிற வழியெல்லாம் ஒரே விஷயம் மனசை அரித்தது. எங்கள் அறிக்கையின் முன்பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே, "பின்பக்கம் பார்க்க" என்று எழுதியாக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அவனுக்குப் பத்து தடவை சொல்லியிருக்கிறேன். அவன் கடிதத்தில் அதை எழுதவில்லை. பதினெட்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன் இரண்டு வார்த்தையை விட்டுவிட்டான். அந்தத் தாள் திரும்பாமலே கோப்புக்குள் போயிருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும்.

கணினி முன்னால் உட்கார்ந்து ஆய்வகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு மெமோ அடித்தேன். முன்பக்கத்தில் உரிய குறிப்பை எழுதத் தவறியதற்கு விளக்கம் தேவை. அடியில் கையெழுத்துப் போட்டு அவன் மேஜையில் வைத்தேன்.

அவன் நின்றபடியே படித்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அவங்க திருப்பிப் பாக்கலையா?"

"நான் சொன்ன பிறகுதான் பாத்தாங்க."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். பேனாவை எடுத்து, "தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் வந்து என் கையெழுத்தைப் பார்த்தான்.

"இதைக் கோப்புல வச்சுடவா, அக்கா?"

"வைங்க" என்றேன்.

என் விடுப்புக் கடிதம் எல்லாம் வெள்ளைத்தாளில்தான் இருக்கும். பதினோரு வருடத்தில் ஆய்வகத்தின் பெயர் போட்ட தாளில் என் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.