ஒருமுறை அடித்த கார்பன்

ராஜாங்கம் கடிதத்தை இரண்டாவது தடவையும் ஜெயத்துக்குப் படித்துக் காட்டினார். சென்னை டி.வி. நிலையத்திலிருந்து வந்த கடிதம். 'சுண்ணாம்பாற்று பங்களா' தொடரின் கொலையாளி யார் என்று புதுச்சேரியிலிருந்து ஒரு நேயர் தபால் அட்டை போட்டிருந்தாராம். யார் என்பது மட்டுமல்ல, காணாமல்போன சாவி எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்பதும் அதில் இருந்ததாம். ரகசியம் இப்படி ஊர் சுற்றுமானால் அடுத்த பதின்மூன்று வாரத் தொடரை வேறு எழுத்தாளருக்குக் கொடுக்க நேரிடும் என்று தயாரிப்பாளர் முடித்திருந்தார்.

"கேட்டியாம்மா?" என்றார் ராஜாங்கம். "கடைசி பாகம் எனக்குத் தெரியும். அடிச்ச மெஷினுக்குத் தெரியும். மெஷினுக்கு வாய் கிடையாது."

ஜெயத்துக்கு முகம் சுட்டது. மெஷினில் அடித்தவள் அவள்தான்.

புதுச்சேரி உப்பளத்தில் சுப்பிரமணியன் மாஸ்டர் நடத்தும் மாலை நேரத் தட்டச்சுப் பள்ளியில் தமிழ் ஹையர் பரீட்சை தேறிய பிறகு, அங்கேயே புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ராஜாங்கத்தின் கதைகளையும் அவள் அடித்துக் கொடுத்துவந்தாள். அந்த வேலை போனால் ஊரில் எவரும் அவளிடம் ஒரு மனுவைக்கூட நம்பி அடிக்கக் கொடுக்கமாட்டார்கள்.

ராஜாங்கம் சந்தேகப்படுவதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. அது அவர் பிழைப்பு. மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தபோது, யார் வருகைக் கார்டை யார் போடுகிறார்கள் என்று கண்காணிப்பதுதான் அவர் வேலை. அங்கே உட்கார்ந்துதான் முதல் துப்பறியும் கதையை எழுதினார். எழுபதுகளில் மாத நாவல்கள், பிறகு வானொலி நாடகங்கள். எண்பத்திரண்டில் மில்லை மாதக்கணக்கில் மூடிவைத்தபோது வேலையை விட்டுவிட்டுப் பேனாவையே நம்பினார். டி.வி. வந்தது. எண்பத்தாறில் இந்தத் தொடர். தெருவில் அவரை 'மர்ம முசியே' என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட ஆரம்பித்தார்கள். தபாலை நம்பாமல் ஒவ்வொரு பாகத்தையும் தானே பஸ் ஏறிச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர், வெளியே போகும்போது சொந்த வீட்டுப் பூட்டையே மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவர்.

அன்று சாயங்காலம் ஜெயம் பெரிய மார்க்கெட் வழியாக வீட்டுக்குப் போனாள். பூக்கடை வரிசையில் அன்னக்கிளியின் குரல் தனியாகக் கேட்டது.

"நர்சம்மாதான்டி கொன்னது! சாவி எங்க இருக்குதுன்ற? அந்த வெள்ளச் செருப்புக்கு அடியில. பத்திரம் எழுதுற நொத்தேரு ஐயாவுக்குப் பால்ல மருந்தக் கலந்து குடுத்ததே அவதான்."

"நீ கூட நின்னு கலக்கிக் குடுத்தியா?" என்று எதிர்க்கடைக்காரி கேட்டாள்.

"இல்லன்னா பாரு, இந்த வரிசையில எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு மொழம் சும்மா தர்றேன். அன்னக்கிளி சொன்னா சொன்னதுதான்."

வெள்ளைச் செருப்பு பன்னிரண்டாம் பாகத்தில்தான் வருகிறது. டி.வி.யில் ஒன்பதுதான் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜெயம் கோடு போட்ட நோட்டை எடுத்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து தினமும் அதில் எழுதுகிறவள். இன்று யார் பெயரை எழுதுவது? ராஜாங்கத்தின் மனைவி அஞ்சலாட்சி மேஜையைத் துடைக்கிறவர். மாஸ்டர், அவள் அடிக்கும்போது பின்னால் வந்து நிற்கிறவர். மூன்றாவதாகத் தன் பெயரையே எழுதினாள். தூக்கத்தில் உளறியிருப்போமோ? அம்மாவைக் கேட்டாள்.

"குறட்டைதான் விடுற" என்றாள் அம்மா.

மறுநாள் ஒரு வேலை செய்தாள். மாஸ்டரிடம், "சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க, டாக்டர்தான் கொன்னது" என்றாள். அஞ்சலாட்சியிடம், "அம்மா, கடைசியில டிரைவர்னு மாத்திட்டாரு சார்" என்றாள். எந்தப் பெயர் மார்க்கெட்டுக்கு வந்து சேருகிறதோ அந்த வழியில்தான் ஓட்டை. நான்கு நாள் பூ வாங்கும் சாக்கில் அலைந்தாள். டாக்டரும் வரவில்லை, டிரைவரும் வரவில்லை. நர்ஸ் மட்டும் அசையாமல் இருந்தாள்.

வீட்டு மேஜையும் இல்லை, மாஸ்டரும் இல்லை என்றால் மிச்சமிருப்பது அவள்தான். அல்லது ராஜாங்கமே விளம்பரத்துக்காக... அந்த நினைப்பை நோட்டில் எழுதிவிட்டு, எழுதியதற்காக வெட்கப்பட்டுக் கோடு போட்டு அடித்தாள்.

பிறகு, மெஷின் முன்னால் உட்காருவதிலிருந்து எழுந்திருப்பதுவரை தான் செய்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிப் பார்த்தாள். தாள் மூன்று, நடுவே கார்பன் இரண்டு. அடித்தேன். சரிபார்த்தேன். பிரதிகளை உறையில் போட்டு ஒட்டினேன். பிசகிய தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கார்பனை டப்பாவில் போட்டேன்.

பேனா அங்கே நின்றது.

மற்றவர்கள் ஒரு கார்பனைப் பத்துப் பன்னிரண்டு தடவை பயன்படுத்துவார்கள். எழுத்தின் மேல் எழுத்து விழுந்து அது வெறும் கருப்புக் குழப்பமாகிவிடும். ஜெயத்துக்கு மட்டும் அது முடியாது. கடைசிப் பிரதியில் ஓர் எழுத்து மங்கினாலும் தன் கைதான் தப்பு செய்தது என்று தோன்றிவிடும். அதனால் பக்கத்துக்குப் பக்கம் புதுக் கார்பன். ஒரே தடவை அடித்ததைத் தூக்கிப்போட மனமில்லாமல், பழகும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று பள்ளியின் ஜன்னலோர பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள்.

அடுத்த நாள் அரை மணி முன்னதாகவே பள்ளியின் மாடிப்படி ஏறினாள். மேற்கு ஜன்னலில் சின்னப்பொண்ணு நின்றுகொண்டிருந்தாள். லோயர் பரீட்சைக்குப் படிக்கிறவள், பூக்கார அன்னக்கிளியின் மகள். ஒரு கார்பனை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். அடித்த எழுத்துகளின் வழியாக வெளிச்சம் வந்தது. அவள் உதடுகள் அசைந்தன. விரல்கள் கருத்திருந்தன.

ஜெயம் சத்தமில்லாமல் படியிறங்கினாள்.

பிள்ளைகள் போன பிறகு டப்பாவிலிருந்து ஒரு கார்பனை எடுத்துக்கொண்டு ராஜாங்கத்தின் வீட்டுக்குப் போனாள். "என் தப்புதான் சார்" என்று நீட்டினாள். அவர் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துத் தன்னுடைய வசனத்தையே முழுசாகப் படித்தார்.

"இது ஒன் தப்புன்னு வச்சுக்குவோம். படிச்சது யாரு?"

"தெரியல சார்."

"யாரக் காப்பாத்துற?"

ஜெயம் விரலில் ஒட்டிய கார்பன் மையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, சொல்லாத. ஆளு எனக்கு வேணாம்" என்றார். அவர் முகத்தில் பல நாள் கழித்து உற்சாகம் தெரிந்தது. "கடைசி பாகம் இன்னும் பதிவாகல. நர்ச விட்டுடுவோம். கணக்குப்பிள்ள கொன்னான். சாவிய அவன்தான் அவ செருப்புல வச்சான், பால்ல கலந்ததும் அவன்தான். எப்படி இருக்கு? புதுசா எழுதுறத, அடிச்சு அடிச்சுத் தேஞ்ச கார்பன்ல அடி. நர்ச கைது பண்ற பழைய காட்சியப் புதுக் கார்பன்ல இன்னொரு தடவ அடிச்சு, எப்பவும் போல டப்பாவுல போட்டுடு."

"எதுக்கு சார்? டப்பாவ எடுத்துட்டாலே போதாதா?"

"எடுத்தா சந்தேகம் வரும். கத மாறிப்போச்சுன்னு அதையும் சொல்லுவாங்க. அடுத்த பதிமூணு வாரம் எனக்கு வேணும். ஒனக்கு வேணாமா?"

வேண்டும். அவள் அடித்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. டப்பாவில் போடும்போது சின்னப்பொண்ணு இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்து, "அக்கா, இந்த வேகம் போதுமா?" என்று கேட்டாள். "போதும்" என்றாள் ஜெயம்.

கடைசி செவ்வாய்க்கிழமை மாலை, போலீஸ் நர்ஸைத் தாண்டிப் போய்க் கணக்குப்பிள்ளையின் கையைப் பிடித்தபோது, உப்பளத்தில் டி.வி. இருந்த வீடுகளிலிருந்தெல்லாம் ஒரே நேரத்தில் கூச்சல் கேட்டது. ராஜாங்கம் வாசலில் நின்று அதைக் காது குளிரக் கேட்டார். அடுத்த வாரமே சென்னையிலிருந்து கடிதம் வந்தது. புதுத் தொடர் அவருக்குத்தான். ஒரு கட்டுத் தாளும் ஒரு பெட்டி கார்பனும் ஜெயத்தின் மேஜைக்கு வந்தன.

அதற்குள் பூக்கடை வரிசையில் நடந்ததை ஜெயம் கேள்விப்பட்டிருந்தாள். புதன்கிழமை காலையில் அன்னக்கிளி வாய் திறக்காமல் கடைகடையாகப் பூ அளந்து கொடுத்தாளாம். "நர்சம்மா சொகமா?" என்று மீன் கடை வரைக்கும் கேலியாம்.

சின்னப்பொண்ணு ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. வந்த அன்று நேரே ஜெயத்தின் மேஜைக்கு வந்து, வாழை இலையில் சுற்றிய ஒரு முழம் மல்லிகையை வைத்தாள்.

"அம்மா குடுத்துவுட்டாங்க. எல்லாருக்கும் குடுத்தாச்சு, ஒங்களுக்குத்தான் பாக்கின்னாங்க."

ஜெயம் பூவைத் தொடவில்லை. "ஒங்க அம்மாவுக்கு எம்மேல கோவமா?"

"அம்மாவுக்கு எம்மேலதான் கோவம். வீட்ல டி.வி. இல்ல. பார்க்கு டி.வி. முன்னால நின்னா கூட்டத்துல ஒண்ணும் காதுல விழல. அதான் படிச்சுச் சொன்னேன்." பூவை ஜெயத்தின் பக்கம் நகர்த்தினாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்க்கா."

ஜெயம் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினாள். பிறகு சொல்ல ஒரு விஷயம் கிடைத்ததில் நிம்மதியாகி, "பரீட்ச தேதி வந்துடுச்சு" என்றாள். "பதினெட்டாம் தேதி, காலையில ஒம்பது மணி. ஒனக்கு ரெண்டாவது பேட்ச் இல்ல, மொதல் பேட்ச்."

சின்னப்பொண்ணு அவள் முகத்தையே பார்த்தாள்.

"சரிக்கா" என்றாள். தன் மெஷினுக்குப் போகாமல், திரும்பி உள் அறைப் பக்கம் நடந்தாள்.

"மாஸ்டர், பரீட்ச என்னைக்கு?" என்று அங்கே அவள் கேட்பது ஜெயத்தின் காதில் விழுந்தது.