பற்றுக்கம்பி என்று நினைத்தவை

பிப்ரவரி 2, ஞாயிறு. பந்தலில் கொடி கட்டினேன். பிழை: வடக்குக் கம்பியில் ஒரு கிளையை வளைக்கும்போது ஒடித்துவிட்டேன். அவசரப்பட்டிருக்கக் கூடாது. மற்ற எல்லாம் வகுப்பில் சொன்னபடி.

நோட்டில் இப்படி எழுதிவிட்டு, கௌசல்யா ‘எல்லாம்’ என்பதை அடித்து ‘அநேகமாக எல்லாம்’ என்று திருத்தினாள். எதையும் முழுசாகச் சொல்லிவிட அவளுக்குப் பயம்.

பகலில் கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் வேலை. சாயங்காலம், வாரத்தில் இரண்டு நாள், தோட்டக்கலை வகுப்பு. குடியிருப்பது அக்ரஹாரத்தில் சாவித்ரி மாமி வீட்டு மாடியில், அம்மாவோடு. கொல்லையில் இருந்த திராட்சைக்கொடி மாமியுடையது. நட்டு மூன்று வருஷமாக வெறும் இலை. ஜனவரியில் கௌசல்யா அதன் பழைய கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தாள். துளிர் வந்தது. மாமி அன்றிலிருந்து தன் ஆபீஸில் எல்லாரிடமும் “எங்காத்து மாடிப் பொண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் கௌசல்யா தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்றும் இருக்கும்.

முந்தின வெள்ளிக்கிழமை மாமி பாலக்காட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனாள். “கொடியைக் கம்பியில ஏத்திக் கட்டிடு, வந்து பாக்கறேன்” என்றாள்.

ஞாயிறன்று கௌசல்யா கட்டினாள். கூடவே, கொடி பிடித்து ஏறுவதற்காக நீட்டும் பற்றுக்கம்பிகளையும் கிள்ளினாள். அவை கொடியின் தெம்பை வீணாக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சிலவற்றின் நுனியில் பச்சையாகப் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. பூச்சி முட்டை என்று எண்ணி அவற்றை முதலில் கிள்ளினாள். கொல்லை பெருக்க வந்த உலகம்மாள் கீழே விழுந்திருந்த தழையைப் பார்த்து, “ஆட்டுக்கு எடுத்துக்கிடட்டா பிள்ள?” என்றாள். “எடுத்துக்கோங்க அக்கா” என்றாள் கௌசல்யா.

திங்கட்கிழமை வகுப்பில் லிஜோ சார் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஒன்று பற்றுக்கம்பி. இன்னொன்று திராட்சையின் இளம் பூங்கொத்து. இளசில் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வரும். நுனியில் பச்சைக் கடுகு ஒட்டியதுபோல் இருந்தால் கை வைக்கக் கூடாது என்று மலையாளத்தில் சொன்னார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். கௌசல்யாவின் பேனா அசையவில்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பந்தலைத் தேடினாள். பூங்கொத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற பழக்கம்.

செவ்வாய் காலை மாமி பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் கொல்லைக்குப் போனாள்.

“கௌசு, இங்க வாயேன். பூ வச்சிருந்துதுடீ. போற அன்னிக்குப் பாத்தேன். வந்து ஒனக்குக் காட்டலாம்னு வாய மூடிண்டு போனேன். இப்ப ஒண்ணையும் காணோமே. நீ கட்டறப்போ இருந்துதா?”

“நான் கவனிக்கல மாமி.”

அந்த வார்த்தை தயாராக வாயில் இருந்ததுபோல் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது உலகம்மாள் துடைப்பத்தோடு கொல்லைக் கதவைத் திறந்தாள்.

“உலகம்மா, ஆட்டுக்குக் கொடியைப் பறிச்சயோ?”

“கீழ கெடந்த தழையத்தான் மாமி எடுத்தேன். இந்தப் பிள்ளட்ட கேட்டுட்டுத்தான்.”

“கீழ கெடந்ததை எடுத்தா மேல ஏன் மொட்டையா இருக்கு, கேட்டியா?”

“பெறவு, என் ஆடு ஏணி வச்சி ஏறிச்சின்னு சொல்லுதியளா?”

“வாய் மட்டும் கொறச்சலில்லை. மூணு வருஷம் காத்துண்டிருந்தேன். ஒரு கை கொழுந்துக்காக இப்படிப் பண்ணுவியோ? நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்.”

உலகம்மாள் கௌசல்யாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று கொஞ்சம் காத்திருந்தாள். கௌசல்யா கம்பியில் தொங்கிய சணல் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி மாமி” என்று உலகம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

அன்று கடையில் கௌசல்யா ஒரே செட்டுமுண்டுப் புடவையைத் திரும்பத் திரும்ப மடித்தாள். வாடிக்கைக்காரி ஒருத்தி, “மோளே, சுகமில்லையா?” என்று மகளை விசாரிப்பதுபோல் கேட்டாள். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றாள். அதுவும் பொய். உலகம்மாளுக்குக் கையில் இருந்தது இரண்டு வீட்டு வேலை. அதில் ஒன்று இப்போது இல்லை. அவள் காத்திருந்த அந்தச் சில நொடியில் கௌசல்யா வாயைத் திறந்திருந்தால் போதும்.

சாயங்காலம் மேலே போகாமல் நேராக மாமியின் சமையலறை வாசலில் நின்றாள்.

“மாமி, பூவைக் கிள்ளினது நான்தான். பற்றுக்கம்பின்னு நெனச்சிட்டேன். நேத்தைக்குத்தான் தெரியும்.”

மாமி அடுப்பைச் சின்னதாக்கினாள்.

“நேத்திக்கேவா?”

“ஆமா.”

“அப்போ காலம்பற அவளை நான் பேசினப்போ, தெரிஞ்சுண்டேதான் நின்னயா?”

மாமி ரசத்தை இறக்கி வைத்தாள்.

“பூ போனாப் போறது. தெரியாமப் பண்ணினது. ஆனா இது தெரிஞ்சு பண்ணினது இல்லியோ.”

“உலகம்மாள் அக்காக்கு இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன் மாமி.”

“ஃபோன்லயா? மூஞ்சியைப் பாக்காமச் சொல்லிடலாம்னா?” மாமியின் குரல் இறங்கியது. “நானும் வரேன். ஒருத்தியை ஆட்டுக்காகத் திருடினவள்னு சொல்லியிருக்கேன். அவ சொன்னதைக் கேக்கக்கூட இல்லை, தீர்மானமாவே சொன்னேன்.”

மாடிக்கு வந்து கௌசல்யா நோட்டைத் திறந்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், வருகிறேன் என்றாள். பிழை என்று எழுதி நிறுத்தினாள். கிள்ளியதை எழுதுவது சுலபமாக இருந்தது. மற்றதை எழுத நேரமானது. எந்த வார்த்தையையும் அடித்துத் திருத்தவில்லை. கடைசியில் எழுதினாள்:

நாளை: காலை ஆறரைக்கு மாமியோடு உலகம்மாள் அக்கா வீடு. முதலில் நான் பேச வேண்டும்.