பெயரை வெளியிட மாட்டோம்

எங்கள் அறக்கட்டளையின் பெயர் 'கைகோர்ப்பு'. லாஸ்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் இருக்கிறது. நிறுவனர் ஜானகிராமன் சார், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊழியர் நான் ஒருத்திதான். தனியாகக் கொடுக்கத் தயங்குகிறவர்களை ஒன்றுசேர்த்துக் கொடுக்க வைப்பது சாருடைய யோசனை. ஒரு திட்டத்துக்கு மூன்று பேர். 'செலவு மூன்றாகப் பிரியும், புண்ணியம் பிரியாது' என்பது எங்கள் அழைப்புக் கடிதத்தின் முதல் வரி. எழுதியது அவர். தட்டச்சு செய்தது நான்.

நான் பி.எஸ்சி. வேதியியல். "கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுன்னா தண்ணி திட்டத்துக்கு ஒத்துவரும்" என்று சொல்லித்தான் சார் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

தண்ணீர்த் திட்டம் என்பது கடற்கரைப் பக்கத்து மீன் அங்காடியில் ஒரு குடிநீர் இயந்திரம் வைத்தது. கொடுத்தவர்கள் மூவர். பட்டுப்புடவைக் கடை காசிலிங்கம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் அந்துவான் ஐயா. தனியார் பள்ளி நடத்தும் நிர்மலா மேடம். இயந்திரம் வாங்க ஒரு வாரம் ஆனது. கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்று முடிவாக ஐந்து வாரம் ஆனது. கடைசியில் வட்டமான கல்லில் மூன்று பெயரையும் சுற்றிவர வெட்டினோம். மேலும் இல்லை, கீழும் இல்லை. படிக்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும்.

இயந்திரத்திலிருந்து எத்தனை லிட்டர் போகிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. வாரம் ஒருமுறை போய் அதைப் பார்த்து, 'தங்கள் கொடையின் பயன்' என்ற தலைப்பில் மூவருக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும்.

முதல் வாரம் ஒன்பது லிட்டர். அதில் ஐந்து திறப்பு விழா அன்று வந்தவர்கள் குடித்தது. இரண்டாம் வாரம் மூன்று லிட்டர். மூன்றாம் வாரம் நான்கு. அங்காடியில் அறுபது பெண்கள் மீன் விற்கிறார்கள்.

மீட்டர் பழுதோ என்று ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு லிட்டர்தான் காட்டியது. தண்ணீரை எடுத்துவந்து சோதித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இயந்திரத்துக்கு மிக அருகில் கடை போட்டிருப்பவர் அஞ்சலாட்சி அக்கா. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரிடம் கேட்க மூன்று முறை போய், இரண்டு முறை கேட்காமல் நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது முறை கேட்டேன்.

"அக்கா, இந்தத் தண்ணி நல்லா இல்லியா?"

"யாரு சொன்னா? ஜில்லுன்னு இருக்குதாம்."

"நீங்க குடிச்சீங்களா?"

"நானா? நான் இன்னாத்துக்குக் குடிக்கிறேன்?" சங்கரா மீனைத் திருப்பிப் போட்டு ஐஸ் அள்ளி வைத்தார். "பாப்பா, நீ காலேஜெல்லாம் படிச்சவதான? தண்ணி குடிச்சா அப்பறம் இன்னா ஆவும்?"



"அதுங்க படிப்புல அது வராதுடி" என்றார் பக்கத்துக் கடை அன்னக்கிளி.

"வெடிகாலம் நாலு மணிக்கு ஏலத்துக்குப் போறேன்" என்றார் அஞ்சலாட்சி அக்கா. "அங்கேந்து இங்க வந்து குந்துனா, எழுந்திருக்க ரெண்டு மணி ஆவுது. இருந்த ஒரு கக்கூஸும் புயல்ல கூரை போயி இடிச்சிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வரணும்னா முக்கா மணி நேரம். அதுக்குள்ள பாதி மீனு பூனைக்கு, மீதி நாத்தத்துக்கு. அதனால வாயக் கட்டிக்கினு குந்தியிருக்கறோம். ரெண்டு தபா கோரிமேட்டு ஆஸ்பத்திரில போயி படுத்துட்டு வந்துட்டேன். மொதல்ல நீர்க்கடுப்பு, அப்பறம் கிட்னில கல்லு. தெனம் மூணு லிட்டர் குடிங்கன்றாரு டாக்டரு. இன்னொரு தபா வந்தீங்கன்னா ஆபரேசன்தான்னுட்டாரு. ஆபரேசன் பண்ணிக்கினு ரெண்டு மாசம் படுத்துட்டா இந்த எடம் எனக்கு இருக்குமா?"

"அவ எடத்த நான் புடிச்சுக்குவேன்" என்றார் அன்னக்கிளி.

"புடிச்சுக்குவா. செய்வா. மூணு லிட்டரு குடிச்சிட்டு நான் எங்க போறது, சொல்லு. அந்தக் கல்லு மேலயா?" என்று வட்டக் கல்லைக் காட்டினார்.

அந்த வார அறிக்கையில் 'பயன்பாடு குறைவாக இருப்பதற்குக் காரணம்: கழிப்பறை இல்லை' என்று எழுதினேன். சார் படித்துவிட்டு, அடித்துவிட்டு, 'விழிப்புணர்வு இல்லை' என்று திருத்தினார்.

"அந்த வார்த்தை டோனருக்குப் போற லெட்டர்ல வேண்டாம்மா. காலங்காத்தால டிபன் சாப்பிடறப்போ படிப்பாங்க."

ஆறாவது வாரம் கொடையாளர் கூட்டம். எங்கள் மாடியில்தான். குறிப்பு எடுப்பது என் வேலை.

"ஆறு வாரத்துல இருபத்தெட்டு லிட்டர்" என்றார் காசிலிங்கம். "எங்க கடையில புடவை பாக்க வர்றவங்களுக்கு ஒரு நாளைக்கு அதவிட அதிகமா தண்ணி தர்றோம் சார்."

"அலோர்" என்றார் அந்துவான் ஐயா. எதைச் சொல்லத் தொடங்கினாலும் அவருக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல் முன்னால் வர வேண்டும். "இந்த ஜனங்களுக்குத் தண்ணியோட அருமை தெரியல. சொல்லிக் குடுக்கணும்."

சொல்லிக்கொடுப்பது என்று முடிவாயிற்று. நிர்மலா மேடம் பள்ளிப் பிள்ளைகளை ஊர்வலமாக அனுப்புவதாகச் சொன்னார். காசிலிங்கம் 'தண்ணீர் குடிப்போம்' என்று எழுதிய துணிப்பை அறுபது தருவதாகச் சொன்னார், பையில் கடையின் பெயரும் இருக்கும். தண்ணீர் குடிப்பது எப்படி என்று விளக்க ஒரு மருத்துவரை அழைப்பது என்றார் சார்.

நான் ஒரு சீட்டில் 'சார், அங்கே கழிப்பறை இல்லை' என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டம் துணிப்பையின் நிறத்துக்குப் போனது.

"அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலை அவர்கள் அதற்குமுன் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"யாருக்கு என்னம்மா தெரியும்?" என்றார் நிர்மலா மேடம்.

"தண்ணி குடிக்கணும்னு அவங்களுக்குத் தெரியும் மேடம். குடிச்சா போறதுக்கு எடம் இல்ல. அதனால குடிக்கறதில்ல. ஒருத்தவங்களுக்கு கிட்னில கல்லு. இன்னும் தள்ளிப்போனா ஆபரேசன்."

அதோடு என் பேச்சு முடிந்துவிட்டது. நோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"பாவம்" என்றார் நிர்மலா மேடம். உண்மையாகவே சொன்னார். "கட்டிடலாமே."

"கட்டலாம் கட்டலாம்" என்றார் காசிலிங்கம். "நல்ல காரியம். ஆனா என் பேரு வேண்டாம். முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவங்க, வழியில அந்தச் செவுத்துல என் பேரப் பாத்துட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

"அலோர், நான் எது குடுத்தாலும் எங்க அம்மா பேர்ல குடுக்கறது. அம்மா பேரக் கொண்டுபோயி அங்க ஒட்ட முடியுமா? மேடம் பள்ளிக்கூடத்து பேர்ல கட்டட்டும்."

"எங்க ஸ்கூல் பேரா? அட்மிஷன் நேரத்துல?" என்றார் நிர்மலா மேடம்.

அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். வட்டக் கல்லுக்கு நடந்த ஐந்து வாரப் பேச்சு தலைகீழாக நடந்தது. ஒருவரை ஒருவர் முன்னால் நிறுத்தினார்கள். காசிலிங்கம், வயதில் மூத்தவருக்குத்தான் முதல் மரியாதை என்று அந்துவான் ஐயாவைக் கைகாட்டினார்.

"பேரே போடாம கட்டலாமே" என்றேன்.

"போடலன்னா நாங்கதான் குடுத்தோம்னு யாருக்குத் தெரியும்?" என்றார் நிர்மலா மேடம்.

"யாருக்கும் தெரியாது மேடம்."

அவர் யோசித்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

"யாருக்குமே?"

"யாருக்குமே."

"அத எழுத்துல குடுக்கணும்" என்றார் காசிலிங்கம்.

மறுநாள் புதிய அழைப்புக் கடிதம் தயாரானது. இம்முறை எழுதியதும் நானே. 'தங்கள் பெயர் கல்லிலோ, பதாகையிலோ, புகைப்படத்திலோ, மேடைப் பேச்சிலோ எக்காலத்திலும் இடம்பெறாது என்று உறுதியளிக்கிறோம்.' சார் அதில் 'தங்கள் வாரிசுகளின் பெயரும்' என்று சேர்த்தார்.

மூன்று பேருக்கு எழுதியது. விஷயம் எப்படியோ பரவிவிட்டது. பத்து நாளில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். கைகோர்ப்பின் வரலாற்றில் அதுவரை ஒரு திட்டத்துக்கு அத்தனை பேர் சேர்ந்ததில்லை. தொலைபேசியில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"யார் யாரும்மா குடுத்திருக்காங்க?"

"சொல்லக்கூடாது சார்."

"கேட்டாலும் சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டோம் சார்."

"அப்ப சரி, நம்ம பேரயும் சேர்த்துக்கோ. சேர்த்துக்கோன்னா, சேர்த்துக்காத."

நான்கு அறைகள், மேலே தண்ணீர்த் தொட்டி, உள்ளே தாழ்ப்பாள். இரண்டு மாதத்தில் கட்டி முடிந்தது. பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். அன்று மாலையே காசிலிங்கம் அழைத்தார்.

"அந்த வழியா கார்ல வந்தேன். பச்சையா இருக்குது. எங்க கடைப் பையும் பச்சைதாம்மா. நாலு பேரு சந்தேகப்பட மாட்டாங்களா?"

சாம்பல் நிறத்துக்கு மாற்ற ஒரு வாரம் ஆனது. பிறகு சார் வெளிக்கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். அங்காடிக்கு வாரம்தோறும் போகிறவள் என்பதால் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"திறப்பு விழா வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாதும்மா. சீஃப் கெஸ்ட் வர்றப்போ புதுசா இருக்கணும்."

சீஃப் கெஸ்ட் கிடைக்கவில்லை. பெரிய மனிதர்களின் உதவியாளர்களை நான்தான் அழைத்துப் பேசினேன். திறப்பு விழா என்றதும் உற்சாகமாகத் தேதி கேட்பார்கள். என்ன கட்டடம் என்று கேட்பார்கள். சொல்வேன். டைரியைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்வார்கள். கொடையாளர்களில் ஒருவரைக் கூப்பிடலாம் என்றால் பதினோரு பேரும் கடிதத்தை நினைவுபடுத்தினார்கள். இப்படியே மூன்று வாரம் போனது. வாரம்தோறும் போனேன். பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். மீட்டரைக் குறித்துக்கொண்டேன். திரும்பினேன்.

நான்காவது வாரம் போனபோது அஞ்சலாட்சி அக்காவின் இடத்தில் அன்னக்கிளியின் தட்டுகள் இருந்தன. கேட்டேன். கோரிமேட்டில் சேர்த்திருக்கிறார்கள் என்றார் அன்னக்கிளி. பிறகு நான் கேட்காமலே, "சும்மா தட்ட வெச்சிருக்கறன். வேற எவளும் குந்திடக் கூடாதுல்ல" என்றார்.

ஐந்தாவது வாரம் அக்கா வந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முன்னால் இரண்டே தட்டு மீன்.

"ஆபரேசனா அக்கா?"

"இன்னும் இல்ல. ஒரு மாசம் டைம் குடுத்துருக்காரு. மூணு லிட்டர் குடிச்சு கரையுதா பாக்கலாம்ன்றாரு." எதிரே இருந்த சாம்பல் கட்டடத்தைப் பார்த்தார். "அது கட்டி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. பூட்டியே கெடக்குது. சாவி யாருகிட்டன்னு கேட்டா வாட்ச்மேன் தெரியலன்றான். உனக்கு யாருன்னு தெரியுமா? தெரிஞ்சா சொல்லு. நாங்க பத்துப் பேரு போயி அந்த ஆளு கால்ல வேணா வுழறோம்."

என் பை தோளில் இருந்தது. அதற்குள் நோட்டு, பேனா, தண்ணீர் சோதிக்கிற குப்பி, சாவி.

"என்கிட்டதான் இருக்கு அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மீன் செதில் தேய்க்கிற சத்தம் நின்றது.

"எத்தினி நாளா?"

"நாலு வாரமா."

"வாராவாரம் வந்தியே."

"ஆமா."

போய்ப் பூட்டைத் திறந்தேன். உப்புக்காற்றில் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் திருப்ப வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அக்கா எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டிருந்தார்.

"குந்து" என்று தன் முக்காலியைக் காட்டினார். "மீனப் பாத்துக்க. பூனை வரும்."

குடிநீர் இயந்திரத்தின் அருகே நின்று ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று பிடித்துக் குடித்தார். பிறகு உள்ளே போனார். அன்னக்கிளி கத்தியைப் போட்டுவிட்டுப் பின்னால் போனார். அதற்குப் பிறகு யார் யார் எழுந்தார்கள் என்று கவனிக்க முடியவில்லை. இருபது பேராவது வரிசையில் நின்றார்கள். பாதிக் கடைகளில் ஆளில்லை.

கைப்பேசி அடித்தது. சார்.

"சுடர், ஒரு நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டார். ரிப்பன் நான் வாங்கிடறேன். பூட்டு அப்படியே இருக்குதில்ல?"

"இல்ல சார்."

"திருடிட்டாங்களா?"

"இல்ல சார். நான்தான் தெறந்தேன்."

வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் வரிசையைத்தான் பார்த்தேன். அது இன்னும் நீண்டிருந்தது.

"போட்டோவாவது எடுத்தியா?" என்றார்.

"எடுக்கல சார்."

"மொத பெனிஃபிஷியரிய வாசல்ல நிக்க வெச்சு ஒண்ணு எடும்மா."

"உள்ள இருக்காங்க சார்."

யாரோ ஒருவர் துணிப்பையோடு வந்து முன்னால் நின்றார். குனிந்து சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"எவ்ளோம்மா இது?"

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தேன். விலை எனக்குத் தெரியாது.

"அக்கா வரணும்" என்றேன்.

"எப்ப வருவாங்க?"

"கொஞ்ச நேரம் ஆவும்" என்றேன். "நில்லுங்க."