இருநூற்றுப் பன்னிரண்டாம் வில்லை

தெருக் கூட்டுகிற சந்திரம்மாவுக்குப் பிரேசர் டவுனில் பிடிக்காத வீடுகள் நிறைய உண்டு. குப்பையை மதில் மேலிருந்தே வீசுகிற வீடு, குடிக்கத் தண்ணீர் கேட்டால் தோட்டத்துக் குழாயைக் காட்டுகிற வீடு, தீபாவளி வந்தால் மட்டும் கதவைத் திறக்காத வீடு. ஆனால் அந்த 1999ஆம் வருஷம், ஆயுத பூஜை நெருங்க நெருங்க, இவை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது ஆவணக் காப்பகம்.

கண்டோன்மென்ட் நகர ஆவணக் காப்பகம் என்பது அதன் முழுப்பெயர். தெருக் கூட்டுகிறவர்களுக்கு அது பழைய சாமான் பங்களா. வெள்ளைக்காரன் காலத்து டாக்டர் ஒருவர் விட்டுப்போன டிரங்குப் பெட்டிகளில் ஆரம்பித்து, கூடம், தாழ்வாரம், குளியலறை வரைக்கும் சாமான் நிரம்பியிருந்தது. பிளேக் காலத்தில் இடித்த வீடுகளின் போட்டோக்கள், பரேடு மைதானத்தின் வரைபடங்கள், கிளப்பில் யார் யாருக்கு என்னென்ன விருந்து போட்டார்கள் என்ற அட்டைகள், பட்டாளத்து பேண்டின் முரசு. ஒரு கர்னல் துரையின் வாள் இருந்தது. அவர் ஏறிய குதிரையின் படமும் இருந்தது. இந்த ஊரில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். மறுநாள் காலையில் அவர்களுடைய கக்கூஸ் வாளியைச் சுமந்தவன்தான் இல்லை.

இந்தக் குறையைக் கண்டுபிடித்தது காப்பகத்தின் தலைவி மௌரீன் மேடம். காலேஜில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். பொய் சொல்லக் கூடாது, அந்தக் குறை அவருக்கு நிஜமாகவே உறுத்தியது. உறுத்தியதும் அவர் செய்த முதல் காரியம், காப்பகத்தில் வேலை பார்த்த கணேசமூர்த்தியைக் கூப்பிட்டு ஏதாவது கொண்டு வரச் சொன்னது.

கணேசமூர்த்தி ஆம்பூர்ப் பக்கத்து ஆள். ஏதோ கல்லூரியின் நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையையும் அண்ணா என்பான். அதுவரைக்கும் சந்திரம்மாவை "ஏம்மா" என்றே கூப்பிட்டு வந்தவன், அன்றைக்கு வாசலில் நின்று "அக்கா" என்றான். அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் போட்டிருந்த பித்தளை வில்லை இன்னும் வீட்டில் இருக்கிறது என்று டீ குடிக்கும்போது அவளாகத்தான் ஒருநாள் உளறியிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் முனியப்பனுக்கு கார்ப்பரேஷன் கொடுத்த வில்லை அது. முட்டை வடிவம், மேலே ஊசி, நடுவில் 212. மேஸ்திரிகள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இருநூத்திப் பன்னெண்டு, இங்க வா" என்பார்கள், அவனும் போவான். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி, நாயை வெளியே கட்டுவது போல வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் அவனே அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைத்துத் துடைப்பத்தின் பக்கத்தில் வைப்பான். சோறு போட்டதாச்சே என்பான். அவன் போனபிறகு அவனுடைய கார்ப்பரேஷன் வேலை சந்திரம்மாவுக்கு வந்தது, புளி போட்டுத் தேய்க்கிற வேலையும் வந்தது. ஸ்ரீராம்புரத்தில் அவள் குடியிருந்த சந்து முழுக்க இப்படித்தான். வில்லை இல்லாமல் எந்த வீட்டிலும் பூஜைக்குக் கற்பூரம் ஏற்ற மாட்டார்கள்.

ஒரு கண்காட்சியில் வைக்க இரவலாகக் கேட்டு, அது முடிந்ததும், ஆயுத பூஜைக்கு முன்னாடியே திருப்பிக் கொடுத்துவிடுவதாகக் கணேசமூர்த்தி சத்தியம் செய்தான். அவளும் நம்பிக் கொடுத்தாள். கண்காட்சி முடிந்தது. அப்புறம் அவள் கேட்கும்போதெல்லாம் மேடம் ஊரில் இல்லை, சாவி இல்லை, கமிட்டி கூடவேண்டும் என்றான். கிணற்றில் போட்ட கல்தான். சந்திரம்மா தன்னால் ஆனதைச் செய்தாள். தெருவை முழுக்கக் கூட்டி, அந்த பங்களாவின் வாசலை மட்டும் விட்டாள். சருகும் பிளாஸ்டிக் பையும் அங்கே குவிந்தன. கணேசமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டு போனானே தவிர வில்லை வரவில்லை.

பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் துடைப்பத்தை மதிலில் சாய்த்துவிட்டு, முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். அத்தனை வருஷத்தில் அதுவே முதல்முறை.

மௌரீன் மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் சந்திரம்மாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். காப்பகத்தின் எண் போட்டபிறகு ஒரு பொருள் வெளியே போகாது, அது இனி ஊரின் சொத்து, வேண்டுமானால் ஒரு போட்டோவும் நன்றிச் சான்றிதழும் தருகிறோம் என்று பாடம் நடத்துவது போலச் சொன்னார். கண்ணாலாவது பார்க்கிறேன் என்றாள் சந்திரம்மா.

கண்ணாடிப் பெட்டியின் உள்ளே ஒரு அட்டையில் தமிழிலும் எழுதியிருந்தது. மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். தோட்டி வில்லை, எண் 212. அவ்வளவுதான். பக்கத்துச் சுவரில் கர்னலின் குதிரை நின்றது. அதன் கீழே, பிரின்ஸ், கர்னலின் அன்புக்குரியது என்று எழுதியிருந்தது.

மேடம் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வில்லையை எடுத்து ஒரு பச்சைத் துணியின் மேல் வைத்தார். சந்திரம்மா கையை நீட்டினாள்.

"தொடாதே. கை வேர்வை பட்டா பித்தளை கெட்டுடும்."

அந்தப் பித்தளை குடித்த வேர்வைக்கு அளவு உண்டா? அவள் மேடத்தைப் பார்த்துக்கொண்டே அதை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. காப்பகத்தின் பெயர், அதன் கீழே ஒரு நீளமான எண்.

அது எந்த எழுத்து என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவாஜிநகர் பாத்திரக்கடை எழுத்து. அவள் வீட்டுக் குடத்திலும் தாம்பாளத்திலும் அதே புள்ளிகள்தான். கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிப்போனால் கவிழ்த்துப் பார்ப்பார்கள். யார் பெயர் வெட்டியிருக்கிறதோ அவர்களுடையது. அதற்கு மேல் வழக்கு கிடையாது. இரவல் வாங்கிய சட்டியில் தன் பெயரை வெட்டிக்கொள்கிறவனை அவள் சந்தில் திருடன் என்றுதான் சொல்வார்கள்.

மேடமும் அப்போதுதான் அதைப் பார்த்தார். முகம் சிவந்தது. கணேசமூர்த்தி தயங்கித் தயங்கி விளக்கினான். உள்ளே வருகிற எதற்கும் உடனே எண் போடவேண்டும் என்பது விதி. புத்தகத்தில் முத்திரை குத்தலாம், பித்தளையில் எப்படிக் குத்துவது? அதனால் வீட்டுக்குப் பாத்திரம் வாங்கப் போனபோது இதையும் கொடுத்து வெட்டி வாங்கி வந்தானாம். பழம்பொருளை நாசமாக்கிவிட்டாய் என்று மேடம் அவனை இங்கிலீஷில் பிடிபிடியென்று பிடித்தார். இரவலாக வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

சந்திரம்மா வில்லையைக் கைக்குள் மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

கணேசமூர்த்தி ஓடிவந்து குறுக்கே நின்றான். கையைப் பிடித்திருக்கலாம். அவள் வயதில் பாதிதான், தெம்பும் இருந்தது. ஆனால் நீட்டிய கை பாதியில் நின்றது. அவளுடைய கையைப் பார்த்தான், ஒதுங்கினான். தெருக் கூட்டுகிற கையைத் தொட அவனுக்கு மனசு வரவில்லை. பிறந்ததிலிருந்து அவளை எரித்து வந்த அந்தக் கூச்சம், அன்றைக்கு ஒருநாள் அவளுக்கு வழிவிட்டது.

மறுநாள் காலை ஆஜர் எடுக்கிற இடத்தில் மேஸ்திரி முனிராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பங்களாவிலிருந்து மேலே புகார் போயிருந்தது.

"சும்னே கலாட்டா பேடா, சந்திரம்மா. வீணா வம்பு வேண்டாம். பூஜை லீவு முடிஞ்சதும் கொண்டுபோய்க் கொடுத்துடு. இல்லேன்னா திருட்டு கேஸ்னு எழுதிடுவாங்க. வேலை போயிடும்."

கொடுக்கிறேன் என்றாள். வேலை போனால் அடுப்பு எரியாது. அது அவளுக்குத் தெரியாததா? மத்தியானம் வீட்டுக்குப் போகாமல் சிவாஜிநகரில் இறங்கினாள்.

பாத்திரக்கடையில் பூஜைக் கூட்டம். பெயர் வெட்டுகிற தனக்கோடி வில்லையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பின்பக்கத்து எழுத்தை ராவி எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம், யார் எடுத்தார்கள் என்பதும் இருக்கட்டும் என்றாள். முன்பக்கத்தைக் காட்டி, முனியப்பன் என்று வெட்டச் சொன்னாள்.

"இடம் இல்லையேம்மா. நம்பர் மேலதான் வெட்டணும். நம்பர் போயிடும்."

"போவட்டும்."

அவர் வெட்டி முடிக்கிற வரைக்கும் அவள் கண் எடுக்காமல் நின்றாள். மறுநாள் வில்லையைப் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைத்துத் துடைப்பத்தின் பக்கத்தில் வைத்தாள். கற்பூரம் ஏற்றும்போது அழுகை வந்தது. அழுதாள்.

லீவு முடிந்த காலையில் பங்களா வாசலில் மேடம், கணேசமூர்த்தி, முனிராஜ் மூன்று பேரும் நின்றார்கள். சந்திரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, வில்லையை கேட் தூணின் மேல் வைத்தாள். மேடம் கையுறையோடுதான் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"என்ன செஞ்சு வச்சிருக்கே? பின்னாடி அவன் கெடுத்தான், முன்னாடி நீ கெடுத்துட்டே. நம்பரே போச்சு. இனிமே இதை நாங்க எங்க வைக்கிறது?"

"முப்பது வருஷம் அவரை நம்பர் சொல்லித்தான் கூப்டாங்க. அப்போ எதுவும் கெடல. நீங்க குதிரைக்குப் பேர் எழுதினீங்க, அதுவும் கெடல. என் வூட்டுக்காரர் பேரை வெட்டினதும் கெட்டுப்போச்சா மேடம்?"

முனிராஜ் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேடம் வில்லையைத் தூணின் மேலேயே திரும்ப வைத்தார். காப்பகத்துக்கு இது வேண்டாம், எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அவளிடம் சொல்லாமல் முனிராஜிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கணேசமூர்த்தியும் பின்னாலேயே போனான்.

சந்திரம்மா வில்லையை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டாள். நம்பரோடு தெருவில் அலைந்து ஆணியில் தொங்கிப் பழகிய அந்தச் சனியன் முதல்முறையாக முனியப்பன் என்ற பெயரோடு தெருவுக்கு வந்தது. வாசலில் குவிந்திருந்த சருகைக் காட்டி, அதையும் கூட்டிவிடு என்றார் முனிராஜ். கூட்டுகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு, அவள் பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஆரம்பித்தாள்.